மோட்டார் போனாலும் ஹெட் இறங்கக் கூடாது

கேள்வி: ஐயா, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபைபர் படகுக்கு மோல்டு வெட்டுவது, ப்ளைவுட் வெட்டுவது, கொஞ்சம் அலுமினிய வேலை. கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டுகிற பழைய சிஎன்சி ரூட்டர் ஒன்றை வாங்கி, கட்டரைச் சுழற்றும் கனமான ஸ்பிண்டில் மாட்டியிருக்கிறேன். மேலும் கீழும் போகிற ஹெட் மொத்தம் 45 கிலோ இருக்கும். ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் நகர்த்தும் (லீடு) பால் ஸ்க்ரூ, பக்கத்தில் 400 வாட் சர்வோ மோட்டார், நடுவில் ஒன்றுக்கு ஒன்று பல் பெல்ட். போன மாதம் கட்டர் மாற்றிவிட்டுப் பையன் கையை எடுத்ததுதான் தாமதம், மோட்டாரை ஓட்டும் டிரைவில் அலாரம் வந்து, ஹெட் சரசரவென்று இறங்கி மேஜையில் முட்டி நின்றது. கட்டர் போச்சு, பையன் தப்பினான். பார்த்தால் மோட்டார் காயில் எரிந்திருக்கிறது. அப்பா காலத்து மில்லிங் மெஷினில் இப்படி நடந்ததே இல்லை. கார் டிக்கிக்குப் போடும் கேஸ் ஸ்பிரிங் போதும் என்கிறார் மச்சான். வெல்டர் எதிர் எடை தொங்கவிடச் சொல்கிறார். எலக்ட்ரீஷியன் யுபிஎஸ் போடு என்கிறார். எதைச் செய்வது? எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, பையன் கை தப்பியதே பெரிய விஷயம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம்.

இனி கட்டர் மாற்றவோ, பெல்ட்டைத் தொடவோ, மோட்டாரைக் கழற்றவோ யார் போனாலும், ஹெட்டுக்கு முட்டுக் கொடுக்காமல் கை உள்ளே போகக் கூடாது. உங்கள் பக்கம் பனங்கட்டைக்குப் பஞ்சமில்லை. வைரம் பாய்ந்த கட்டை ஒன்றை எடுத்து, இரண்டு முனையும் மட்டமாக, சாயாமல் நிற்கும்படி அறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் மூக்கில் முட்டுக் கொடுத்தால் பேரிங் கெடும். ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் தட்டுக்கு அடியில் கொடுங்கள். கட்டையின் கனத்தை முடிவு செய்யும்போது 45 கிலோவை மட்டும் நினைக்காதீர்கள். கட்டை இருப்பதை மறந்து யாராவது ஹெட்டைக் கீழே ஓட்டினால், உங்கள் மோட்டார் உச்ச முறுக்கில் அந்த ஸ்க்ரூ வழியாக 200 கிலோவுக்கு மேல் அழுத்தும். அதையும் சேர்த்துத் தாங்குகிற கட்டை வேண்டும். அதற்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, சுவரில் ஒரு கொக்கி போட்டு மாட்டுங்கள். கொக்கியில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, கட்டை கொக்கிக்குத் திரும்பாதவரை டிரைவ் ஆன் ஆகாதபடி செய்துவிட்டால் மறதிக்கும் மருந்து ஆயிற்று.

மோட்டாரைக் கழற்றும் நேரத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். நாளைக்குப் பிரேக் உள்ள மோட்டாரே வாங்கிப் போட்டாலும், அந்தப் பிரேக் மோட்டாருக்குள்தான் இருக்கிறது. நாலு போல்ட்டை எடுத்தால் பிரேக்கும் மோட்டாரோடு கையில் வந்துவிடும், ஹெட் கீழே வரும். மெஷின் ஓடும்போது நடப்பதைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அந்த நேரத்தில் ஆள் உள்ளே தலையை விட்டுக்கொண்டு இருப்பார்.

சரி, பழைய மில்லிங் மெஷின் ஏன் இறங்கவில்லை? அதில் இருப்பது சாதாரண மரை போட்ட ஸ்க்ரூ. நட்டும் ஸ்க்ரூவும் உலோகத்தோடு உலோகம் தேய்ந்து நகர்கின்றன. கொடுக்கிற சக்தியில் பாதிக்கு மேல் உராய்விலேயே போய்விடும். அந்த நட்டம்தான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது: எடை கீழே தள்ளினாலும் ஸ்க்ரூ சுற்றாது. பால் ஸ்க்ரூவில் குண்டுகள் உருளுவதால் உராய்வு மிகக் குறைவு, சுமார் 90 சதவீதம் வேலையாக மாறுகிறது. துல்லியத்துக்கு நல்லது. ஆனால் மோட்டார் ஸ்க்ரூவைச் சுற்றுகிற அதே சுலபத்தோடு ஹெட்டின் எடையும் ஸ்க்ரூவைச் சுற்றிவிடும். கல் விழுகிற வேகத்தில் விழாது, ஏனென்றால் இறங்கும்போது ஸ்க்ரூவையும் மோட்டாரின் ரோட்டரையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதியபடி சரசரவென்று இறங்கும். கையை எடுக்க அந்த நேரம் போதாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 45 கிலோ என்றால் ஏறக்குறைய 440 நியூட்டன். லீடு 10 மில்லிமீட்டர், அதாவது 0.01 மீட்டர். இரண்டையும் பெருக்கி 6.28-ஆல் வகுத்தால் 0.7 நியூட்டன் மீட்டர். ஹெட் இறங்காமல் நிற்க ஸ்க்ரூவில் இவ்வளவு முறுக்கு எப்போதும் வேண்டும். 400 வாட், 3000 ஆர்பிஎம் சர்வோ தொடர்ந்து கொடுக்கக்கூடிய முறுக்கு சுமார் 1.27 நியூட்டன் மீட்டர். அதாவது வெட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே, சும்மா நிற்பதற்கே, மோட்டார் தன் பலத்தில் பாதிக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் 3டி மோல்டு வெட்டும்போது ஓயாமல் ஏறி இறங்கும் வேலை, சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பட்டறை. மோட்டார் எரிந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் இந்தச் சுமையைக் குறைக்காமல் அதே அளவு மோட்டாரை மறுபடி மாட்டினால் அதுவும் சூடேறிக்கொண்டேதான் இருக்கும்.

ஆக உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, மோட்டாரின் தோளிலிருந்து எடையை இறக்குவது. மற்றொன்று, எது போனாலும் ஹெட்டைப் பிடித்து நிறுத்துவது. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடாது. உங்களுக்கு யோசனை சொன்ன மூவரும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்கள்.

யுபிஎஸ் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கரண்ட் போனால் யுபிஎஸ் உதவும். உங்கள் பட்டறையில் போனது கரண்ட் இல்லை, மோட்டார். எரிந்த காயிலுக்கு எவ்வளவு நல்ல கரண்ட் கொடுத்தும் பயனில்லை. டிரைவ் நின்றதும் மோட்டார் கம்பிகளைத் தானே ஷார்ட் செய்து வேகத்தைக் குறைக்கும் வசதி பல சர்வோ டிரைவ்களில் உண்டு. அது இறக்கத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. காயில் அறுந்துபோயிருந்தால் அதுவும் கிடையாது.

மச்சானின் கேஸ் ஸ்பிரிங் பாதி சரி. பத்து கிலோ ஹெட் உள்ள சின்ன ரூட்டருக்கு நானே போடச் சொல்வேன். உங்கள் எடைக்கு இருபுறமும் ஒவ்வொன்று வேண்டும், இறங்க இறங்க அதன் எதிர்ப்பு கூடும், முழு ஓட்டத்துக்கும் ஒரே அளவாக இருக்காது. அதைவிட முக்கியம், உங்கள் உப்புக் காற்றில் அதன் ராடில் துருப்புள்ளி விழுந்தால் சீல் கிழிந்து கேஸ் சொல்லாமல் கொள்ளாமல் குறையும். எடையைத் தாங்க உதவும். பிடித்து நிறுத்த அதை நம்ப முடியாது.

எதிர் எடையைப் பற்றி உங்கள் ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம்வரை நேராக எழும்புகிறது. இரண்டு பக்கக் கோபுரங்களிலும் எதிர் எடை உண்டு. அதனால் மோட்டார்கள் பாலத்தின் மொத்த எடையைத் தூக்குவதில்லை, மிச்சமிருக்கும் வித்தியாசத்தையும் உராய்வையும்தான் சமாளிக்கின்றன. இந்த வகைப் பாலங்களில் எதிர் எடை இருக்கிறது என்று யாரும் பிரேக்கை விட்டுவிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் பாலம் மெதுவாக ஏறி இறங்குகிறது, கோபுரம் ஓர் இடத்தில் நிற்கிறது. உங்கள் ரூட்டரில் ஹெட், மேஜைக்குக் குறுக்கே நிற்கும் கேன்ட்ரியின் மேல் இடவலமாக ஓடுகிறது. எதிர் எடையும் அதோடு சவாரி செய்ய வேண்டும். 45 கிலோவை நகர்த்திய கேன்ட்ரி 85 கிலோவை நகர்த்த வேண்டியிருக்கும். வேகமாக ஏறி இறங்கும்போது தொங்குகிற எடை ஆடும், அந்த ஆட்டம் மோல்டு முகத்தில் வரி வரியாகத் தெரியும். பிறகு அதைத் தேய்க்க ஒரு ஆள் போட வேண்டும். தூண் நகராத மில்லிங் மெஷினாக இருந்தால் வெல்டர் சொன்னதையே செய்யச் சொல்லியிருப்பேன், அதுவும் எடையைக் குழாய்க்குள் ஓடவிட்டு, ஒன்றுக்கு இரண்டு செயின் போட்டு.

உங்களுக்கு என் யோசனை காற்று சிலிண்டர். ஃபைபர் வேலை செய்கிற பட்டறை, கம்ப்ரசர் எப்படியும் இருக்கும். 32 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்), 12 மில்லிமீட்டர் ராடு உள்ள சிலிண்டரைக் கேன்ட்ரியில் மேலே பொருத்தி, ராடு கீழே ஹெட்டைப் பிடித்து இழுக்கிற மாதிரி வையுங்கள். ராடு இருக்கும் பக்கத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு) 5 கிலோ பிரஷர் கொடுத்தால் 35 கிலோவை ஒட்டி மேலே இழுக்கும். மிச்சம் 10 கிலோ ஹெட்டின் பக்கமே கனமாக இருக்கட்டும், அது வேண்டுமென்றே விடுவது. முழுக்கச் சமமாக்கினால் பால் ஸ்க்ரூவின் தளர்ச்சி ஒரு நேரம் மேலேயும் ஒரு நேரம் கீழேயும் மாறி, வெட்டில் அடையாளம் விழும். கூடுதலாகக் கொடுத்துவிட்டாலோ, பெல்ட் அறுந்த அன்றைக்கு ஹெட் மேலே பாயும். இப்படிப் பத்து கிலோ மட்டும் மிச்சம் விட்டால் மோட்டாருக்கு வேண்டிய முறுக்கு 0.7-லிருந்து 0.16-க்கு இறங்கிவிடும். மோட்டார் வேலை முடிந்தும் தொடுகிற சூட்டில் இருக்கும்.

இதில் பலரும் தவறு செய்கிற இடம் ஒருவழி வால்வு. ஹெட் இறங்கும்போது சிலிண்டரில் இருக்கும் காற்று அழுத்தப்படும், அது எங்காவது போக வேண்டும். அதனால் சிலிண்டர் பக்கத்திலேயே இரண்டு மூன்று லிட்டர் டேங்க் ஒன்றைத் தடிமனான குழாயால் இணைத்து, காற்று இஷ்டம்போல் போய் வரவிடுங்கள். ஒருவழி வால்வு கம்ப்ரசருக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்க வேண்டும், டேங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் போட்டால் ஹெட் இறங்காமல் முரண்டு பிடிக்கும். கம்ப்ரசர் குழாய் பிய்ந்தாலும் டேங்கில் உள்ள காற்று சிறிது நேரம் தாங்கும். பிரஷர் 4 கிலோவுக்குக் கீழே போனால் மெஷினை நிறுத்துகிற பிரஷர் சுவிட்ச் ஒன்றும் சேருங்கள்.

அப்புறம், வாங்கும்போதே ராடு லாக் உள்ள சிலிண்டராகக் கேளுங்கள். காற்று இருக்கும்வரை லாக் திறந்திருக்கும், காற்று போனதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் ராடை இறுக்கிப் பிடிக்கும். லாக்குக்குப் போகும் காற்றை 24 வோல்ட் சோலினாய்டு வால்வு வழியாகக் கொடுத்தால், கரண்ட் போனாலும், எமர்ஜென்சி பட்டன் அழுத்தினாலும், டிரைவ் அலாரம் அடித்தாலும் லாக் விழும். அதன் பிடிப்பு, ஹெட்டின் முழு எடையைப் போல் இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று கேட்டலாக்கில் பார்த்து வாங்குங்கள்.

மோட்டாரில் உள்ள பிரேக் போதாதா என்று கேட்பீர்கள். பெல்ட் இல்லாத மெஷினாக இருந்தால் பெரும்பாலும் போதும் என்றுதான் சொல்வேன். உங்கள் மெஷினில் மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் பல் பெல்ட் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் மோட்டார் நலம், பிரேக் நலம், ஹெட் மட்டும் கீழே. பெல்ட்டுக்குப் பதில் கப்ளிங் இருந்து அது வழுக்கினாலும் இதே கதைதான். பிடிமானம் விழுகிற பொருளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நடுவில் அறுந்துபோகக்கூடிய சங்கதிகள் குறையும். ராடு லாக் நேராக ஹெட்டையே பிடிக்கிறது. பெல்ட் போனாலும், ஸ்க்ரூவின் நட்டே உதிர்ந்தாலும் அது நிற்கும். கையில் இருக்கிற காசுக்கு ஒன்றுதான் முடியும் என்றால் சிலிண்டரும் லாக்கும் முதலில்.

ஆனால் எப்படியும் புது மோட்டார் வாங்கப் போகிறீர்கள், பிரேக் உள்ளதாகவே வாங்கிவிடுங்கள். இதுவும் ஸ்பிரிங் பிடித்து, 24 வோல்ட் கொடுத்தால் விடுகிற வகை. உப்பில் ஒரு ஒயர் அரித்து அறுந்தாலும் பிரேக் பிடிக்கத்தான் செய்யும். நிற்கிற ஹெட்டை நிற்கவைக்கத்தான் அது. ஓடுகிற ஹெட்டை நிறுத்த அதைத் தினமும் பயன்படுத்தினால் லைனிங் தேய்ந்து, தேவைப்படுகிற நாளில் வழுக்கும்.

ஒயரிங்கில் எலக்ட்ரீஷியனிடம் சில விஷயம் சொல்லுங்கள். ஸ்பிரிங் வந்து பிடிக்கச் சில பத்து மில்லி செகண்டு ஆகும். எமர்ஜென்சி அழுத்தியதும் மோட்டார் கரண்டும் பிரேக் கரண்டும் ஒரே நேரத்தில் போனால், அந்த இடைவெளியில் ஹெட் கொஞ்சம் இறங்கிவிடும். கட்டர் பலகைக்குள் இருந்தால் அதுவே போதும் உடைவதற்கு. முதலில் டிரைவ் வேகத்தைக் குறைத்து நிறுத்தி, பிரேக்குக்குக் கட்டளை கொடுத்து, அது பிடித்தபின் மோட்டாரை விட வேண்டும். இதற்கென்றே டிரைவில் பிரேக் அவுட்புட்டும் டிலே அமைப்பும் இருக்கும். அந்த அவுட்புட்டால் நேராகப் பிரேக் காயிலை ஓட்டாதீர்கள், நடுவில் ரிலே போடுங்கள். எமர்ஜென்சி ரிலேயின் காண்டாக்ட் ஒன்றையும் அதோடு சீரிஸில் சேருங்கள், ஒரு காண்டாக்ட் ஒட்டிக்கொண்டாலும் மற்றது விடும். காண்டாக்ட் 24 வோல்ட் பக்கத்தில் இருக்கட்டும். 24 வோல்ட் தருகிற எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும் 230 வோல்ட்டை வெட்டினால், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிரேக்கை இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கும். காயிலின் குறுக்கே வெறும் டையோடு போட்டாலும் இதே தாமதம் வரும். அதற்குப் பதில் வேரிஸ்டர் போடச் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலுக்குப் பரபரப்பான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம்தான், விசைப்படகெல்லாம் கரையில் நின்று பழுது பார்க்கிற 61 நாள். மற்ற மாதங்களில் மெஷின் பல நாள் சும்மா நிற்கும், உப்புக் காற்று அதற்குள்தான் வேலையைக் காட்டும். ராடில் துரு, டெர்மினலில் பச்சை, கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர். டேங்கைத் தினமும் வடிகட்டுங்கள். சீசனுக்கு முன் பெல்ட்டைக் கையால் மடக்கிப் பாருங்கள், பல் வேரில் வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

சோதனையை வாரம் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். பனங்கட்டையை ஹெட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கும்படி வைத்து, டிரைவை நிறுத்தி, ஹெட் ஏறி இறங்கும் தண்டவாளத்தில் பென்சில் கோடு போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கோடு நகர்ந்திருக்கிறதா பாருங்கள். முதலில் லாக்கை மட்டும், பிறகு பிரேக்கை மட்டும், தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டும் சேர்ந்து பிடித்திருக்கும்போது ஒன்று செத்துப்போனது தெரியாது. பிரேக்கைச் சோதிக்கும்போது சிலிண்டர் காற்றையும் இறக்கிவிட்டு முழு எடையில் பாருங்கள். மாதம் ஒரு முறை ஹெட்டில் பத்து கிலோ கூடுதலாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் திறக்கும்போது டக் என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் காயில் முனையிலேயே வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். மெல்லிய ஒயரில் 24 வோல்ட் இறங்கி வந்தால் பிரேக் பாதி திறந்து, உரசி, கருகும்.

கடைசியாக ரீவைண்டிங். வேண்டாம். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் கட்டுகிற கடைக்காரர் திறமைசாலியாகவே இருப்பார், ஆனால் சர்வோவில் ரோட்டர் காந்தம், பின்னால் ரோட்டரின் கோணத்தை அளக்கும் என்கோடர். பிரித்துப் பூட்டும்போது என்கோடரின் கோணம் கொஞ்சம் மாறினாலும் ஆன் செய்ததும் மோட்டார் தாறுமாறாக ஓடும், அதுவும் செங்குத்தாக நிற்கிற ஹெட்டில். புதிதாகவே வாங்குங்கள், டிரைவுக்குப் பொருந்துகிற மாடலா என்று விற்பவரிடம் கேட்டுக்கொண்டு. பிரேக் உள்ள மோட்டார் அதே வாட்டில் 30, 40 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருக்கும். ஆர்டர் கொடுக்கும் முன் மோட்டாருக்குப் பின்னால் கேன்ட்ரி மூடியில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.